மஞ்சள் துணியில் முடிந்த டிவி சாவி

எங்கள் வீட்டு டிவிக்குக் கதவு இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், கிள்ளானில் எங்கள் கூடத்தில் இருந்தது அது. நான்கு கால் வைத்த மரப்பெட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடுகிற மடிப்புக் கதவு, நடுவில் ஒரு பூட்டு. டிவிக்கு எதற்குப் பூட்டு என்று கடைக்காரரிடம் கேட்டேன். "பிள்ளைங்க இருக்குற வீடுதானே அக்கா, தேவைப்படும்லா," என்று சிரித்தார்.

அந்த ஆண்டு என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தாள். தாய்மொழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை ஏழாம் வகுப்பான முதல் படிவத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு வருடம் மலாய் படிக்க உட்கார வைக்கிற வகுப்பு அது. தமிழ்ப்பள்ளியில் அவள் சரியான வாயாடி. பேச்சுப்போட்டி என்றால் அவளை மேடையிலிருந்து இறக்குவதே பெரும்பாடு. அப்பேர்ப்பட்டவள் புதுப்பள்ளிக்குப் போன சில வாரங்களிலேயே வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் தலையாட்டுவாள். அதிகம் கேட்டால் வயிறு வலிக்கிறது என்பாள்.

பள்ளிவிட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மலாய் நாடகம், சமையல், செய்தி, விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, எது ஓடினாலும் சரி. நான் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது அவள் முகத்தில் அந்த வெளிச்சம் மட்டும்தான் இருக்கும். முதல் தவணைப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் சிவப்பு மை.

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பக்கத்துத் தெருவில் இருந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், அக்கா முன்னால் உட்காரக்கூட மாட்டார்.

"இந்தப் பொட்டிதான் பிள்ளைய ஊமையாக்கிருச்சு," என்றார் அண்ணி. ஒரு வெள்ளிக்கிழமை வந்து கதவை இழுத்துப் பூட்டினார். அதோடு விட்டாரா? காசு முடிந்து நேர்ந்துகொள்வது போல, சாவியை மஞ்சள் துணியில் முடிந்து, எங்கள் சாமிமேடையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். "வருஷப் பரீட்சை முடியுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. சாமிகிட்ட ஒப்படைச்சாச்சு. தொட்டா குடும்பத்துக்கு ஆகாது."

யார் தொடுவார்? என் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பிள்ளையைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் முருகனையும் அவர்கள் கட்சியில் சேர்த்துவிட்டார்கள்.

பூட்டியதால் பிள்ளை படித்தாளா? அதுதான் இல்லை. மூடிய கதவுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தாள். சோறு பாதி தட்டில் கிடக்கும். ஒருநாள் பள்ளிப் பேருந்து வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது, இவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நான் போகலம்மா. என்னையும் உங்க பேக்டரில சேர்த்துருங்க," என்றாள். பதின்மூன்று வயது! அன்றைக்குத்தான் நான் நிஜமாகவே பயந்தேன்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் குளியலறையில் தண்ணீர் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒரு குரல். என் மகள் மலாயில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். டிவியில் அந்த அம்மா எப்படி நிறுத்தி நிதானமாக வாசிப்பாரோ, அப்படியே. நடுவில் தடுமாறுவாள், முதலிலிருந்து தொடங்குவாள். கதவைத் தட்டினேன். வெளியே வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வகுப்பில் எழுந்து நின்று மலாய் வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்களாம். ஆசிரியரும் சேர்ந்து சிரித்தாராம். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை. "டிவில பேசுறவங்க மட்டும்தாம்மா என்னப் பாத்து சிரிக்க மாட்டாங்க," என்றாள்.

எல்லாம் மொழி படிக்கத்தான் பார்த்தாள் என்று நான் கதை விடமாட்டேன். பாதி அதற்கு, பாதி ஒளிந்துகொள்ள. ஒளிந்துகொள்ள அவளுக்கு வேறு இடம் இல்லை. இருந்த ஒன்றையும் பூட்டிச் சாமியிடம் கொடுத்துவிட்டோம். இன்றைக்கும் இளம் தாய்மார்கள், பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டேன் ஆன்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பிடுங்கும்மா, ஆனால் பிள்ளை எதற்குப் பயந்து அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டாயா?

சாயங்காலம் விளக்கேற்றினேன். என் கணவர் பின்னால் நின்றார். நான் கும்பிட்டுவிட்டு, மஞ்சள் முடிச்சை எடுத்து அவர் கண்ணெதிரே அவிழ்த்தேன்.

"ஏய், என்ன செய்ற நீ? சாமி குத்தம்!"

"குத்தம்னா அது என் தலையில விடியட்டும். முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உங்கக்காவுக்கு நீங்க சொல்லிக்குங்க."

சாவியை மகள் கையில் கொடுத்தேன். இஷ்டத்துக்குப் பார் என்று கொடுக்கவில்லை. நான் வேலைவிட்டு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், நானும் பக்கத்தில் உட்காருவேன், இரவுச் செய்தி முடிந்ததும் அவளே பூட்ட வேண்டும். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு மலாயிலேயே சொல்ல வேண்டும். என் மலாய் பாசாரில் மீன் வாங்குகிற மலாய். "சாயா தாடா தாவு," என்பேன், எனக்குத் தெரியாது என்று. "தாடா இல்லம்மா, திடாக்," என்று திருத்துவாள். என்னைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரிக்கட்டும் என்று விட்டேன். பள்ளிக்கும் போய் அந்த ஆசிரியரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன், அதே பாசார் மலாயில்தான். ஓரிரு நாள் செய்திக்கு முன்னாலேயே அவள் பூட்டிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி வந்தார். சாமிமேடையைப் பார்த்தார், திறந்து கிடந்த டிவியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். என்னைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். பிறகு என் மகளிடம் கையை நீட்டினார். "குடுடி சாவிய."

என் கணவர் தரையைப் பார்த்தார். நான் குறுக்கே போக ஓர் அடி வைத்தேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"தரமாட்டேன் அத்தை! அம்மா எங்கிட்ட குடுத்தது. நியூஸ் முடிஞ்சதும் நானே பூட்டுவேன். நான் ஒண்ணும் ஊமை இல்ல!"

வேலியோரம் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அத்தனை மாதத்தில் அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"எதுத்துப் பேசுறா பாருடா உன் மவ!" என்று அண்ணி தம்பியிடம் கத்தினார்.

"ஆமா அண்ணி," என்றேன். "பேசுறா. இன்னும் நல்லா பேசட்டும்."