பிடித்ததற்கு மட்டும் டிக்

பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள, சின்ன மகள் கைப்பேசியில் ஒரு தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். 'இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டப் பிடிக்குமா?' என்று கேட்டது அது. எட்டிப் பார்த்த எனக்கு எங்கிருந்தோ ஸ்டென்சில் மை வாசனை அடித்தது.

அது எங்கள் பத்தாம் வகுப்பின் வாசனை. தொண்ணூறுகளின் தொடக்கம், அம்பத்தூரில் ஒரு பெண்கள் பள்ளி. ஆராய்ச்சி செய்கிற ஒரு மிஸ் வந்து மை காயாத தாள்களைக் கொடுத்தார். வாங்கியதும் மோந்து பார்க்காதவள் யாருமில்லை. எங்களுக்கு எந்தெந்த வேலை பிடிக்கும், எதோடு எது சேர்ந்து பிடிக்கும் என்று அளக்கப் போகிறாராம். மனசை அளக்க அவர் கொண்டுவந்தது ஒரு கட்டுத் தாளும் கொஞ்சம் பென்சிலும்தான்.

டீச்சர், நர்ஸ், தையல் என்று மளமளவென டிக் போட்டோம். என் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா மட்டும் எழுந்து நின்றாள். அவள் அப்பா தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுபவர். சனிக்கிழமைகளில் அவருக்குச் சோறு கொண்டுபோனால், இரும்பு சுருள் சுருளாக விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நானும் கூடப் போவேன், வழியில் நெல்லிக்காய் வாங்கித் தருவாள் என்பதற்காக.

"மிஸ், டிக்கு புடிச்சதுக்கா, ஊட்ல செய்ய உடுறதுக்கா?"

நாங்கள் சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. மிஸ் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "புடிச்சதுக்கு மட்டும். உங்க வீட்ல யார்கிட்டயும் காட்ட மாட்டேன்" என்றார்.

வகுப்பே ரப்பரை எடுத்தது. இல்லாதவர்கள் எச்சில் விரலால் தேய்த்தார்கள். நான் வானொலி அறிவிப்பாளருக்குப் போட்டேன். என் குரலைக் கேட்டிருந்தால் வாசலிலேயே கதவைச் சாத்தியிருப்பார்கள். ஸ்டெல்லா லேத்துக்குப் போட்டாள்.

மிஸ் காட்டவில்லை. அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு நர்ஸ் படிப்பு என்று வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது. பட்டறையில் பெண்ணை யார் சேர்ப்பார்கள்? அவர் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை, முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து, "ஒரு தபா ஓட்டிப் பாரும்மா" என்று கைப்பிடியை அவளிடம் கொடுத்தார். வெளியே வந்தவள் பஸ் ஸ்டாண்டு வரை கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைக்கவே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது அவள் திருமுல்லைவாயிலில் நர்ஸாக இருக்கிறாள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்பார்கள். அந்தப் பட்டறையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

"புடிச்சதுக்கா போட்ட?" என்று மகளிடம் கேட்டேன்.

"வேற எதுக்கும்மா போடுவாங்க?" என்றாள், தலை நிமிராமல்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, மகள் சொன்னதைச் சொன்னேன்.

"இன்னொரு தபா சொல்லுடி" என்றாள்.