இரண்டு சேர்வரும் ஐந்து மணிப் பட்டியலும்

ஒன்று நின்றால் மற்றது தானாக வேலையை எடுத்துச் செய்யும்படி இரண்டு சேர்வர்களைப் பழக்கிவிட்டு, செய்யுமா செய்யாதா என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். இதில் மாட்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். பதுளையில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனி அலுவலகம். எல்லாத் தோட்டங்களின் கொழுந்து நிறைக் கணக்கையும் சேர்வர்களில் மொத்தமாக ஓடவிட்டு, பின்னேரம் ஐந்துக்குள் தொழிற்சாலைகளுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம், வீட்டில் கைக்குழந்தை. நான் படித்த கொன்வென்ட்டில் மணி அடித்த பிறகு வந்தால் வாசலுக்கு வெளியேதான். அதனால் ஒருநாள் பட்டியல் பிந்தினாலும் வேலை போய்விடும் என்றே நம்பியிருந்தேன்.

நிரை

தோட்டங்களை எண்ணி, இரண்டு சேர்வருக்கும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தேன். அப்புத்தளைப் பக்கத்துப் பெரிய தோட்டங்களெல்லாம் ஒரே சேர்வரில் விழுந்தன. அது திணற, மற்றது மூன்று மணிக்கே சும்மா இருந்தது. தோட்டத்துக் கணக்கு டிஸ்கட் கொண்டுவந்த கங்காணி, கொழுந்து பறிப்பவர்களுக்குத் தேயிலை நிரை பிரித்துக் கொடுப்பவர், என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"நிரைய எண்ணிப் பிரிச்சா பத்தாதுங்க மிஸ், நீளத்தப் பாக்கணும். நீட்டு நிரைய ரெண்டா வெட்டிக் குடுங்க."

இரட்டை

ஒருநாள் இரண்டையும் இணைக்கும் கேபிள் கழன்றுவிட்டது. முதலாவது செத்துவிட்டதாக நினைத்து இரண்டாவது எழும்பியது. முதலாவதோ நல்ல சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கணக்கைச் செய்ய, கொழுந்து இரு மடங்காகப் பட்டியலில் ஏறிவிட்டது. தெமோதரைப் பக்கத்துத் தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் போன் எடுத்தார்.

"பாதிக் கொழுந்து இங்க இருக்கு. மிச்சப் பாதிய எங்கங்க மிஸ் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜையன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால், இரண்டு சேர்வர்களுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. இரண்டும் அணைந்திருந்தன. ஒன்று படுத்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் படுக்க வைப்பார்கள் என்று யார் கண்டது? அலுவலகம் கூட்டும் ராசம்மா அக்காவிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

"தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கே இன்னைக்கு ஓய்வு. இதுங்க மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு?"

காய்ச்சல்

அன்று பட்டியல் ஆறு மணிக்குத்தான் போனது. எங்கள் அலுவலகப் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். குழந்தைக்குக் காய்ச்சல், கவனம் அங்கேயே இருந்தது என்பதும் வாயில் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மெசினுக்கு ரெண்டு வச்சிருக்கிறம், உமக்கு ஆர், பிள்ளை, ரெண்டாவது ஆள்? நாளைக்கு வீட்டில நில்லும், நான் இருந்து பாக்கிறன்."

ஆறாம் மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள், கூடவே என் ஐந்து மணிப் பயத்தையும்.