டொல்பின்கள் நித்திரை கொள்ளும் இடம்

தண்ணீருக்கு அடியில் இரும்புச் சத்தம் எப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். காதோடு நிற்காது; பல்லும் மண்டையும் சேர்ந்து அதிரும். கொழும்பு முகத்துவாரத்திலிருந்து புறப்பட்ட ஒரு படகின் விலாவில் இரும்புக் குழாயால் அடித்த அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போவதில் இருந்த கெடுபிடிகள் தளர்ந்த காலம். வெள்ளவத்தையில் ஒரு சுற்றுலாக் கம்பனியில் வேலை பார்த்தேன். முதலாளி கொட்டாஞ்சேனைக்காரர். அதுவரை கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் வான் வண்டி ஓட்டியவர், திடீரென்று ‘டொல்பின் ஆய்வுப் பயணம்’ என்று பெரிய பலகை போட்டார். ஆய்வு என்று போட்டால் ஆய்வுக்கு ஓர் ஆள் வேண்டுமே? என் மச்சாள் அகப்பட்டார்.

மச்சாள் என் மாமாவின் மூத்த மகள். கடல் உயிரினங்களைப் படித்தவர். படிப்பு இருந்தது, படகு இல்லை. அதனால்தான் முதலாளியின் பேச்சுக்கு ஒத்துக்கொண்டார். சனி, ஞாயிறில் விருந்தினருக்கு மச்சாள் விளக்கம் சொல்வது, மற்ற நாட்களில் படகு மச்சாளின் ஆய்வுக்கு. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளைபோல அவர் அன்று வெள்ளவத்தைக் காலி வீதியில் சிரித்துக்கொண்டு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. டொல்பின்கள் தெரிந்ததும் தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். படகின் பின்னால் ஒரு கயிறு மிதக்கும். முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு இரண்டு இரண்டு பேராக அந்தக் கயிற்றைப் பிடித்தபடி கவிழ்ந்து மிதக்க வேண்டும். அதுகள் வந்தால் பார்க்கலாம். நாம் நீந்திப் போகக் கூடாது. “நாங்கள் அதுகளின்ர வீட்டுக்குப் போறம். படலையில நிண்டுதான் பாக்கவேணும், உள்ளுக்குப் பாயக்கூடாது” என்பார். முகம் சுளித்த விருந்தினருக்கும் இதே பதில்தான்.

அப்படி மிதந்தபோதுதான் முதன்முதலில் பார்த்தேன். எனக்குக் கீழே ஒரு கூட்டம், விலாவோடு விலா உரச, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. எல்லாம் ஒன்றாக மேலே வந்து மூச்சு விட்டன, ஒன்றாகவே கீழே இறங்கின. ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டியபடி வந்தது. படகில் ஏறியதும் மச்சாளிடம், இவை ஏன் இவ்வளவு அமைதி என்று கேட்டேன்.

“நித்திரையடி” என்றார். “இரவிரவா வேட்டை. விடிஞ்சாப் பிறகு கரைப்பக்கம் வந்து நித்திரை. பாதி மூளை நித்திரை கொள்ளும், மற்றப் பாதி நீந்தும். எங்கட அம்மா பஸ்ஸில நித்திரை கொண்டுகொண்டே வெள்ளவத்தையில சரியா இறங்கிறவ எல்லே, அதுமாதிரி.”

ஆனால் நித்திரையைப் பார்க்க யார் வருவார்கள்? ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் வெள்ளவத்தைக் குடும்பங்கள் சில வந்திருந்தன. முதலாளியும் கூட வந்தார். நானும் மச்சாளும் கயிற்றில் மிதந்துகொண்டிருந்தோம். “என்ன, பாயாதா?” என்று யாரோ சலித்துக்கொண்டார்களாம். முதலாளி படகோட்டித் தம்பியைச் சிங்களத்தில் கூப்பிட்டு, “மல்லி, தட்டு” என்றாராம். இதெல்லாம் பிறகு கேட்டறிந்தது. எனக்குத் தெரிந்தது அடி மட்டும்தான். ஒன்று, அடுத்தது, நிறுத்தாமல். கூட்டம் கண் முன்னே சிதறியது. தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம். குட்டி எங்களுக்குக் கிட்ட வந்து, இடம் வலம் தெரியாமல் சுற்றிச் சுற்றிக் கீச்சிட்டது. பதறிப்போய்த் தலையை வெளியே தூக்கினால், மேலே கைதட்டல்! “டான்ஸ் ஆடுது, டான்ஸ் ஆடுது!” உண்மைதான், டொல்பின்கள் ஒவ்வொன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தன. கீழே நடந்தது மேலே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

மச்சாள் படகில் ஏறி, சொட்டச் சொட்ட நின்று, படகோட்டியின் கையிலிருந்த குழாயைப் பறித்தார்.

“அது டான்ஸ் இல்லை. நித்திரையில கிடக்கிற சனத்தின்ர கூரையில கல்லெறிஞ்சுபோட்டு, அதுகள் பிள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடுறதைப் பாத்துக் கைதட்டுறியள். எண்பத்திமூண்டு கலவரத்தில ஓடின வெள்ளவத்தைச் சனத்துக்கு நான் இதைச் சொல்லித் தரவேணுமோ?”

கைதட்டிய கைகள் மடியில் இறங்கின. ஒரு வயதான அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாளே முதலாளி என்னைக் கூப்பிட்டார். “தங்கச்சி, மச்சாள இனி வர வேணாம்னு சொல்லிடுங்க. கஸ்டமர் மனசு நோகுது.” மனசு நோகிறதாம்! தாயைத் தொலைத்த குட்டிக்கு நோகவில்லை, பார்க்க வந்தவர்களுக்கு நொந்துவிட்டது. படகு போயிற்று, ஆய்வும் அத்தோடு நின்றது. பலகையில் மச்சாளின் படத்தை மட்டும் கழற்றவேயில்லை. என்ன வெட்கங்கெட்ட வேலை! நானும் அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

மச்சாள் உயர்தர மாணவருக்கு உயிரியல் டியூசன் எடுக்கத் தொடங்கினார். கம்பனி படகு விலாவில் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பருவத்தில் டொல்பின்கள் அந்தப் பக்கமே வரவில்லை. படகுகள் சும்மா போய்ச் சும்மா திரும்பின. முதலாளி கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தாராம். அதுவும் சரிவராமல் எனக்குப் போன் எடுத்தார். டொல்பின்கள் எங்கே போயின என்று மச்சாள் சொன்னால் போதுமாம். படகைக் கிழமை முழுக்க, ஏழு நாளும் அவருக்கே விடுவாராம்.

எனக்குக் கொதித்தது. என்றாலும் இது மச்சாளின் விஷயம். டியூசன் வகுப்புக்குப் போய்ச் சொன்னேன். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“கிழமை முழுக்கவோ?”

“ஓம் மச்சாள்.”

துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். அந்த முகத்தில் இருந்த ஆசையை நான் பார்த்தேன்.

“போன தை மாசம் ஒரு மீன்பிடி வள்ளத்தில போகேக்க அதுகளைக் கண்டனான்” என்றார் மெதுவாக. “நல்ல நித்திரை. இடம் தெரியும் எண்டு சொல்லு. சொல்லமாட்டன் எண்டும் சொல்லு.”

போன் எடுத்து இரண்டையும் அப்படியே முதலாளியிடம் சொன்னேன். “அப்ப அவங்களுக்குப் படகு வேணாமா?” என்றார் அவர்.

“வேணும் ஐயா, நல்லா வேணும். எண்டாலும் சொல்லமாட்டா” என்று போனை வைத்தேன்.

மச்சாளுக்கு இன்றுவரை படகு இல்லை.