சாம்பல்மேட்டுக்கு வந்த குழாய்

தேசப்பனிடம் இருந்த ஒரே சொத்து அவன் தொண்டை. சென்னைத் துறைமுகத்தில் கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கிரேன் ஓட்டுகிறவனைப் பார்த்து "தூக்கு", "இறக்கு" என்று கத்துவதுதான் அவனுக்கு வேலை. கடல் காற்றையும் சங்கிலிச் சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் போக வேண்டும். போகாவிட்டால் கீழே மூட்டை கட்டுகிறவன் தலை தேங்காய்தான். அவன் குரல் ஒருநாளும் தப்பியதில்லை. அந்தத் தொண்டையைச் சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள், பிறகு கட்சிக்காரர்கள் கேட்டார்கள், ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தேர்தலில் ஜனங்களும் கேட்டார்கள். ஓட்டு விழுந்தது. மூட்டைத் தூசியைத் தட்டிவிட்டு எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாகச் சட்டசபைக்குப் போனான்.

வீடு மட்டும் மாறவில்லை. அதே சாம்பல்மேடு. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டி, ரயில் எஞ்சின் சாம்பலைக் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடத்தில் ஓலைக் குடிசைகள். கக்கூஸ் கிடையாது, சாக்கடை கிடையாது, குழாயும் கிடையாது. குழாய் இருந்தது யார்டுக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீட்டுத் தெருவில். நடுவே வரிசை வரிசையாகத் தண்டவாளம், அதன்மேல் எந்நேரமும் நிற்கும் கூட்ஸ் வண்டிகள். சுற்றிக்கொண்டு போனால் அரைநாள் போய்விடும். ஆகவே பெண்கள் வண்டிக்கு அடியில் புகுந்து போவார்கள்; திரும்பும்போது நிறைகுடத்தை முன்னால் நகர்த்திவிட்டுப் பின்னால் தவழ்ந்து வருவார்கள். நிற்கிற வண்டி நின்றுகொண்டே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. யார்டின் கோடியில் எஞ்சின் வந்து முட்டினால், சீட்டி கூட இல்லாமல் மொத்த வரிசையும் நகரும். பக்கத்து வீட்டு வியாகுலம்மாளின் இடது பாதம் அப்படித்தான் போயிற்று. ராயபுரம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கம்பு ஊன்றிக்கொண்டு அவள் மறுபடியும் தண்ணீருக்குப் போனாள். வேறென்ன செய்வாள்?

தேசப்பன் குழாய் கேட்டு மனு கொடுத்தான், கேள்வி கேட்டான், கத்தினான். "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு வெறி பிடித்தது. ஒருநாள் சபையில் எழுந்து, கிரேனுக்குக் கத்துகிற அதே குரலில் பொரிந்து தள்ளினான்.

"எங்கள் சாம்பல்மேட்டில் மனிதர்கள் பன்றிகளோடு பன்றிகளாகப் புரள்கிறார்கள். என் வீட்டு வாசலில் மலம் மிதக்கிறது. என் மனைவி அதை மிதித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகிறாள். அமைச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது ஒருமுறை வந்து பார்க்கட்டும்!"

அமைச்சர் சிரித்த முகம் மாறாமல் எழுந்தார். "வருகிறேன். உறுப்பினர் சொல்வதில் பாதி உண்மையாக இருந்தாலும், அங்கே நின்றபடியே குழாய்க்கு உத்தரவு போடுகிறேன்" என்றார். மேஜைகள் தட்டப்பட்டன. தேசப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் அது பத்திரிகையில் வந்தது. டீக்கடையில் உரக்கப் படித்தார்கள். யார்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலும் படித்தார்கள். அன்று தேசப்பனின் மனைவி அங்கம்மா குடத்தோடு குழாயடிக்குப் போனபோது, ஓட்டு வீட்டுப் பெண் ஒருத்தி புடவையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "பன்னி வூட்டம்மா வர்றாங்க, வழி வுடுங்கடி."

அங்கம்மா யார் தெரியுமா? மழை விட்டதும் முதலில் விளக்குமாற்றை எடுக்கிறவள். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் சாணி கரைக்க ஒரு சொம்பு ஒதுக்கி வைக்கிறவள். அந்தச் சேற்றில் இருந்துகொண்டு சேறு ஒட்டாமல் இருப்பதற்கே அவள் பாதி ஆயுள் போயிற்று. அவளுக்குப் போய் அந்தப் பேர். பாதிக் குடம்தான் பிடித்தாள், திரும்பிவிட்டாள்.

தேசப்பன் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "யோவ், என் வாசல்ல பீ மெதக்குதுன்னு நான் எப்போயா உன்னாண்ட சொன்னேன்?"

"அது அரசியல்மே. உனுக்குப் பிரியாது."

"எனுக்குப் பிரியுது. ஊரு முச்சூடும் என்னிய நாற வெச்சிட்டு வந்து குந்திகினு கீற."

"கொழா வேணுமா வேணாமா? வேணும்னா மூடிகினு இரு." அவ்வளவுதான் அவன் சொன்னது. உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. ஊருக்கெல்லாம் பேசத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியிடம் பேச நேரமில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ராயபுரத்துக் கட்சி ஆபீசுக்குப் போனவன், அமைச்சர் வருகிற நாள் வரை அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்தான்.

அந்த நாள் காலையில் அவன் சாம்பல்மேட்டுக்குள் நுழைந்தபோது, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. சந்து முழுக்கச் சுத்தமாகப் பெருக்கி, சாணி தெளித்திருந்தது. வாசலுக்கு வாசல் கோலம். சாக்கடை தேங்கிக் கிடந்த குழியைப் பலகை போட்டு மூடி, மேலே சாம்பல் தூவியிருந்தார்கள். குழந்தைகளுக்குத் தலை வாரி, சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து, பன்றிகளை யார்டுப் பக்கம் துரத்தி விட்டிருந்தார்கள். வியாகுலம்மாள் வெளுத்த புடவை கட்டி, வெட்டுப்பட்ட காலைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரையும் கிளப்பிவிட்டவள் அங்கம்மாதான். வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷன் வருகிறான், அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டா போவது? நாங்கள் பன்றி இல்லை என்று அவன் கண்ணாலே பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தச் சந்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் அதில் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

"எப்டி கீது?" என்றாள் அங்கம்மா. பல நாள் கழித்துச் சிரித்தாள்.

தேசப்பனுக்குக் கண் இருண்டது. "அடிப்பாவி, கெடுத்தியேடி! அவன் இன்னாத்தப் பாக்க வர்றான்? இதப் பாத்துட்டுக் கொழா குடுப்பானா?"

"அழுக்கப் பாத்தாதான் தண்ணி குடுப்பானா? மனுசாளுன்னு பாத்தா குடுக்க மாட்டானா?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை கையை ஓங்குவான், அல்லது எதையாவது உடைப்பான். தேசப்பன் குழிமேல் இருந்த பலகையைக் காலால் எற்றித் தள்ளினான். மூலையில் கிடந்த வாளியை எடுத்துச் சாக்கடையை மொண்டு கோலத்தின்மேல் வீசினான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். அங்கம்மா கையைப் பிடித்தாள். அவளையும் உதறிவிட்டு அடுத்த வாளியை மொண்டான். அது அவள் புடவையில் பாதியும் சுண்ணாம்புச் சுவரில் பாதியுமாக விழுந்தது.

சந்து முனையில் அமைச்சரும், நாலு அதிகாரிகளும், பத்திரிகைக்காரர்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சலில் ஜீப் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அமைச்சர் மெதுவாக நடந்து வந்தார். தேசப்பனைப் பார்க்கவே இல்லை. நனைந்து நின்ற அங்கம்மாவிடம், "ஏம்மா, இங்கே எப்போதும் இப்படித்தானா?" என்று பரிவோடு கேட்டார்.

அவள் அவமானத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள். "இல்ல சாமி. நாங்க சுத்தமா வெச்சிகினு கீறோம். இந்த ஆளுதான் மொண்டு ஊத்துச்சி" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் படமும் எடுத்தான். அடுத்த சபைக் கூட்டத்தில் அமைச்சர் சொன்னார்: "அந்தத் தொகுதிக்குக் குழாய் தேவையில்லை. உறுப்பினர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினால் போதும்." ஆளும் கட்சிக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தேசப்பன் கட்சிக்காரர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள். அதோடு குழாய்ப் பேச்சு செத்தது.

அதன்பின் அவன் பேச எழுந்தாலே "வாளி, வாளி" என்று பின்னாலிருந்து குரல் வரும். வீட்டில் அவன் அங்கம்மாவோடு பேசுவதை நிறுத்தினான். "என் வாயில மண்ணப் போட்டவ" என்று மட்டும் காதில் விழும்படி சொல்வான். சந்துப் பெண்களும் அவளைத்தான் கரித்துக் கொட்டினார்கள். கூடச் சேர்ந்து பெருக்கினவர்கள்கூட. "உன்னாலதான் கொழா போச்சி" என்றார்கள். அவளோ, முடியாதவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தாள். வியாகுலம்மாளை யார்டுப் பக்கமே விடவில்லை. முன்னைவிட அதிக நடை, முன்னைவிட அதிகம் அந்த வண்டிகளுக்கு அடியில்.

ஐப்பசி மழையில் ஒரு காலை நேரம், வண்டி நகர்ந்தது. குடத்தை வெளியே தள்ளிவிட்டாள். அவள் வெளியே வரவில்லை.

எடுத்துக்கொண்டு வந்து வாசலில் பாயில் கிடத்தினார்கள். கரியும் எண்ணெயும் சேறும் ரத்தமும், இடுப்புக்குக் கீழே பார்க்க முடியாத கோலம். பெண்கள் யாரும் சொல்லாமலே குடங்களை எடுத்துக்கொண்டு, அதே வண்டிகளுக்கு அடியில் புகுந்து போய், அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். வியாகுலம்மாள் மஞ்சள் அரைத்து வைத்தாள். முதல் சொம்பை மொள்ளும்போது கட்சியின் வட்டாரத் தலைவர் அருள்பிரகாசம் ஆட்களோடு வந்து சேர்ந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா" என்றார். தேசப்பனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "தேசப்பா, மனசைக் கல்லாக்கிக்கோ. குளிப்பாட்டி மாலை போட்டா இது ஒரு சாவு. இப்படியே வண்டியில வெச்சுக் கோட்டை வாசலுக்குக் கொண்டு போனா குழாய். எது வேணும், நீயே சொல்லு."

தேசப்பன் பாயைப் பார்த்தான். வியாகுலம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள். "வாணாம் நைனா. அழுக்கு மேல பட்டா செத்துப்பூடுவா அவ. நாலு பேரு பாக்க இந்தக் கோலத்துல கொண்டு போவாத. ரெண்டு சொம்பு ஊத்திட்டுத் தரோம்."

"அவளே கெடுத்த கொழா. அவளே வாங்கிக் குடுக்கட்டும்" என்றான் தேசப்பன்.

பாவி சொன்னானே, அந்த வார்த்தையைச் சொன்னானே. கொண்டு வந்த குடங்கள் அப்படியே நிற்க, கைவண்டியில் அவளை ஏற்றினார்கள். மூடுவதற்குத் துணி கூடப் போடவில்லை. தங்கசாலை வழியாக, கடைக்காரர்களும் வழிப்போக்கர்களும் எட்டிப் பார்க்க, ஈக்கள் மொய்க்க, ஊரே அங்கம்மாவை அந்தக் கோலத்தில் பார்த்தது. சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டியின் முன்னால் நின்று தேசப்பன் பேசினான். இவ்வளவு நன்றாக அவன் ஒருநாளும் பேசியதில்லை என்று கேட்டவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கோட்டைக்குக் கொஞ்சம் முன்பே போலீஸ் மறித்தது. தடியடி. கூட்டம் சிதறியது. போலீஸ்காரர்கள் பிணத்தை லாரியில் தூக்கிப் போட்டு நேரே சுடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். பெண்கள் மஞ்சளும் தண்ணீருமாக ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எரிந்துகொண்டிருந்தது.

குழாய் வந்தது. தை பிறப்பதற்குள் வந்துவிட்டது. அதே அமைச்சர் வந்து திறந்து வைத்தார். தேசப்பனுக்கும் ஒரு மாலை விழுந்தது. சபையில் "வாளி" என்று யாரும் கூவவில்லை. அடுத்த தேர்தலில் முன்னைவிட அதிகமாக ஓட்டு விழுந்தது. சாம்பல்மேட்டுப் பெண்களும் போட்டார்கள். குழாய் கொண்டு வந்தவனுக்குப் போடாமல் யாருக்குப் போடுவது?

வீட்டில் பெண்துணை இல்லாததால் எம்.எல்.ஏ.வே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வர வேண்டியிருந்தது. அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும். வரிசையில் இருந்தவர்கள் விலகி இடம் விடுவார்கள். மரியாதை என்றுதான் முதலில் நினைத்தான். ஒருநாள் வியாகுலம்மாள் அவன் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்துத் திருகிவிட்டாள். தண்ணீர் பளபளவென்று விழுந்தது.

"புட்சிக்கோ நைனா" என்றாள். "நல்லா ரொப்பிக்கோ. அவளுக்குத்தான் ரெண்டு சொம்பு ஊத்த வுடல நீ."

குரலை வைத்துப் பிழைத்த மனிதனுக்குத் தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. குடம் நிரம்பியது, வழிந்தது, காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"நவுருய்யா, எங்குளுக்கும் வேலை கீது" என்றாள் பின்னால் நின்றவள்.