கொழுந்தனார் நூல் பிடித்த வண்டி

காலை ஒன்பது பத்துக்கு என் கொழுந்தனார் வண்டிக்கு அடியிலிருந்து ஜாக்கியை உருவினார். அதுவரை எங்கள் வீட்டில் எல்லாம் ஓரளவு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வண்டி என் மகளுடையது. படிப்பை முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு இது ஒத்து வரலம்மா" என்று திரும்பி வந்தவள், பழைய பிக்கப் ஒன்றை வாங்கி மரக்காணம் உப்பளத்திலிருந்து புதுச்சேரிக்கு மூட்டை ஏற்ற ஆரம்பித்தாள். நான் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள். எந்த விஷயத்தையும் அதன் மிக மோசமான விடை வரைக்கும் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அவள் ஈ.சி.ஆரில் இருக்கும் நேரமெல்லாம் என் கை போனை விட்டு நகராது. என் கணவர் அப்படியல்ல. அவருக்குக் கவலை கிடையாது, தீர்ப்புதான். "ஒரு தடவை எங்கியாவது இடிச்சா போதும், வண்டிய வித்துடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவைத்துவிட்டார். வண்டி அவர் பெயரில் இருந்தது.

மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தரையைத் தொடுகிறது என்று மகள் சொன்னாள். கொழுந்தனார் வந்துவிட்டார். அவர் உப்பளத்தில் மேஸ்திரி. அவருக்குத் தெரியாத தொழில் கிடையாது. அவர் கை வைத்து உருப்பட்ட தொழிலும் கிடையாது. பின் சக்கரங்களுக்கு மேலே சுமையைத் தாங்கும் கமான் பட்டைகள், அந்த வளைந்த இரும்புத் தகடுகள், இரண்டு பக்கமும் இருக்கின்றன அல்லவா, அவற்றோடு கூடுதலாகச் சிலவற்றைச் சேர்த்து முடுக்கினார். வண்டி, குனிந்து தண்ணீர் குடிக்கும் ஆடு மாதிரி பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"சித்தப்பா, பட்டை மாத்தினா அலைன்மென்ட் பாக்கணும். பாண்டியில கம்ப்யூட்டர் வச்சுப் பாக்கறாங்க" என்றாள் மகள்.

"இம்மாம் பெரிய பாத்திக்கே நூல் புடிச்சுத்தான் வரப்பு போடறோம் பாப்பா. நாலு சக்கரத்துக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?"

உப்பளத்தில் வரப்பு போடும் அதே நூல். பின் சக்கரத்தில் ஒரு முனையைக் கட்டி, முன் சக்கரம் வரை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போன ஸ்டீயரிங் கம்பியைச் சுத்தியலால் நாலு போட்டுத் திருகினார். "நூல் மாதிரி இருக்குது" என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். அப்புறம் உப்பளத்தில் வைத்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், வண்டிக்குக் கற்பூரம், அதன் மேல் உப்பு மூட்டை.

உப்பளத்து வாசலிலேயே மகள் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"இடது பக்கமா இழுக்குது சித்தப்பா. வலது பக்கம் திருப்பிப் புடிச்சாத்தான் நேரா போவுது. மூட்டைய எறக்கிடலாம்."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டிய வண்டியில் ஏற்றிய முதல் லோடு உப்பளத்துக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் அந்த வருடம் மழை முந்திக்கொண்டு வந்து உப்பைக் கரைத்துவிடுமாம். வானிலையின் சாவி என் மகளின் பிக்கப்பில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"வண்டி இழுக்கல பாப்பா. உன் கைதான் இழுக்குது. பொம்பளப் புள்ள கையில தெம்பு வேணாமா? தள்ளு, நான் காட்டறேன்."

அவர் ஏறிக் கொஞ்ச தூரம் ஓட்டினார். ஸ்டீயரிங்கை வலதுபக்கம் முறுக்கிப் பிடித்து, தோளையும் கழுத்தையும் அதே பக்கம் சாய்த்து, ஜன்னல் வழியே கத்தினார்: "பாருங்க அண்ணி, எப்படி நேரா போவுது!"

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் மூக்கு ஒரு பக்கம் போனது. முதுகு வேறு பக்கம் போனது. ஈரமான உப்பளப் பாதையில் முன் சக்கரத் தடத்தின் மேலேயே பின் சக்கரத் தடமும் விழ வேண்டும். இரண்டு கோடுகள்தான் தெரிய வேண்டும். அங்கே நாலு கோடுகள் கிடந்தன. சொன்னேன்.

"ஈர மண்ணுல அப்படித்தான் விழும் அண்ணி" என்றார். மண்ணையும் அவர் கரைத்துக் குடித்திருந்தார்.

என் மகள் இறங்கி நின்று, "நான் இத ரோட்டுல ஓட்ட மாட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். "அப்ப நீ பக்கத்துல உக்காந்து பாடம் கத்துக்க." முதல் லோடை அவரே ஓட்டிப் போவதாக முடிவானது. வண்டியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவள் ஏறினாள். அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நான் ஏறினேன்.

கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் ஒரு டவுன் பஸ் எங்களை முந்திக்கொண்டு போய், நிறுத்தத்தில் சட்டென்று ஒதுங்கியது. கொழுந்தனார் பிரேக்கை மிதித்தார். வண்டியின் பின்பக்கம் தனியே கிளம்பி வலதுபுறமாகச் சுற்றியது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒரு குழந்தையின் முகம் எனக்கு வெகு அருகில் வந்து, விலகிப் போனது. அந்த முகம் இப்போதும் வருகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. சாலையோர மணலில் இறங்கி, சவுக்குத் தோப்பு வேலியில் மோதி நின்றோம். யாருக்கும் காயமில்லை. மூட்டைகள் பிரிந்து உப்பு கொட்டியது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னவோ திட்டிவிட்டு, நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

கொழுந்தனார் கதவைத் திறந்து குதித்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள்தான் நகர்ந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, என்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். ஜனம் ஓடிவந்தபோது ஸ்டீயரிங் முன்னால் இருந்தது அவள். தூரத்தில் நின்று லுங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தது அவர்.

"பொண்ணு கையில வண்டியக் குடுத்தா இதான்" என்றார் ஒருவர்.

"அவ ஓட்டல, இவருதான் ஓட்டினாரு" என்றேன்.

"பெத்தவங்க விட்டுக்குடுப்பாங்களா?" என்று அவரே எனக்குப் பரிந்தும் பேசினார். கொழுந்தனார் வேலியில் எத்தனை கம்பு உடைந்திருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் இறங்கினாள். சீட்டுக்கு அடியில் கிடந்த நூலை எடுத்தாள். இடதுபுறம் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். அதே நூலை வலதுபுறம் பிடித்தாள். முடிச்சு நாலு விரற்கடை தள்ளி நின்றது. "பட்டையோட நடு போல்ட்டு ஆக்சில் குழியில உக்காரவே இல்லம்மா. பின் சக்கரமே கோணலா நிக்குது. அதுக்கு நேரா நூல் புடிச்சு முன் சக்கரத்தையும் கோணலாக்கி வச்சிருக்காரு."

கொழுந்தனாருக்கு இப்போது வாய் வந்தது. "மணல்ல எறக்கினதுல நகந்திருக்கும் பாப்பா." எறக்கியது யார் என்ற இடத்தை மட்டும் நாசூக்காகத் தாண்டிப் போனார்.

என் கணவர் வருவதற்கு வெகுநேரமாயிற்று. உப்பை அள்ளுவதற்கு ஒரு டெம்போவையும் கூட அழைத்து வந்திருந்தார். தம்பியின் முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "உனக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டார். பிறகு மகளிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. சொன்னது சொன்னதுதான்."

"ஏங்க, ஓட்டினது உங்க தம்பி" என்றேன்.

"நீ என்னிக்கு அவளக் குத்தம் சொல்லியிருக்கற?"

மகள் அவரை ஒரு முறை பார்த்தாள், சித்தப்பாவை ஒரு முறை. சித்தப்பா டெம்போக்காரருக்கு மூட்டை தூக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கப் போய்விட்டார். அவள் சாவியை வளையத்திலிருந்து மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் விரல்களைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்தேன்.

அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து அந்த டவுன் பஸ் திரும்பி வந்தது. எங்களுக்கு எதிரே நின்றது. டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, டெம்போ அருகே நின்ற என் கொழுந்தனாரைப் பார்த்து, ரோட்டின் இரண்டு பக்கமும் கேட்கும்படி கத்தினார்:

"யோவ் லுங்கி! ஓட்டத் தெரியாம என் பஸ்ஸு மேல ஏத்தப் பாத்துட்டு, நீ குதிச்சு ஓடிட்ட. எஞ்சின அணைச்சது அந்தப் பொண்ணுய்யா, கண்ணாடியில பாத்துக்கினுதான் போனேன். சாவிய அதுங்கிட்டயே குடுத்துட்டு நீ பஸ்ஸுல ஏறு, வீட்டாண்ட எறக்கி வுடறேன்!"