ரெண்டாவது 'உம்'

பேருந்து நிலையத்திலிருந்து ஏனாத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையில் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள்தான் பெரும்பாலும் சவாரி. நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனால் குரல் பெரிது. அந்தக் குரல்தான் என்னை மாட்டிவிட்டது.

மகள் பன்னிரண்டாவது படித்தபோது பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. படிப்பிலும் தொழில் பயிற்சியிலும் ஆண் பெண் வித்தியாசம் பார்ப்பதில்லை என்று உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார். நம் நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறதாம். "அந்தக் கையெழுத்து உங்க வீட்டு வாசல் வரைக்கும்தான் வரும். உள்ள கூப்பிட வேண்டியது நீங்க" என்றார். பிறகு உறுதிமொழி. மைக் வேலை செய்யவில்லை. "ஆட்டோ அண்ணன் படிக்கட்டும்பா" என்று யாரோ சொல்ல, தாளை வாங்கி வரிவரியாகப் படித்தேன். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். என் மகனுக்கும் மகளுக்கும் கல்வியும் பயிற்சியும் சமமாகத் தருவேன் என்று ஒரு வரி.

"ஏனாத்தூர் ஏறு, ஏனாத்தூர் ஏறுன்னு கூவுற மாதிரியே இருந்துச்சு" என்று என் வீட்டுக்காரி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமைதான்.

தேர்வு முடிவு வந்த பிறகு மகள் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை நீட்டினாள். எலக்ட்ரீஷியன் பிரிவு. மறுநாள் கடைசி நாள். என் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது.

"கரண்டு வேலையா? கம்பத்துல ஏறப்போறியா?"

"அது லைன்மேன்பா. இது வேற."

"தையல் கத்துக்கோ. வீட்டோட இருக்கலாம்."

"அண்ணன மட்டும் ஐ.டி.ஐ.ல சேத்த?"

"அவன் ஆம்பளப் புள்ள. உன்ன இன்னா, படிக்க வெக்காம வுட்டனா? அவனும் பன்னெண்டு, நீயும் பன்னெண்டு."

அவள் கோபப்படவில்லை. "கல்வி குடுத்துட்ட. கல்வியும் பயிற்சியும்னு நீதானப்பா படிச்ச? ரெண்டாவது 'உம்' எங்க போச்சு?"

"அது கூட்டத்துல படிச்சதும்மா."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா சொன்னாள்: "சாமிகிட்ட சொன்னாதான் ஒங்கப்பா செய்வாரு. மனுசங்ககிட்ட சொன்னதெல்லாம் கணக்குல இல்ல."

சுருக்கென்றது. ஐந்து வயதில் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பிழைத்தால் மொட்டையும் அடித்துக்கொண்டு நூற்றெட்டுச் சுற்றும் சுற்றுகிறேன் என்று அம்பாளிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். வேண்டுதல் செலுத்திய அன்று நல்ல மழை. கால் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது. மொட்டைதான் அடித்தாயிற்றே, சுற்று குறைந்தால் என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை. நொண்டிக்கொண்டே முடித்தேன்.

அன்று மாலை விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று அம்பாள் ஏதாவது குறி காட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். கரண்டு என்றால் எனக்கு அவ்வளவு பயம். சன்னதியில் நின்றபோது கேட்க வாய் வரவில்லை. இவள் உயிரை இந்த வாயால்தானே கேட்டு வாங்கினேன்? உறுதிமொழியைப் படித்ததும் இதே வாய்தான். நாடுகள் போட்ட கையெழுத்து என் அறிவுக்கு எட்டாத விஷயம். நான் வாய்விட்டுச் சொன்னது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெளியே வந்து, ஆட்டோ சீட்டின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மன் உத்தரவு குடுத்துச்சாப்பா?"

"கேக்கவே இல்லம்மா."

இப்போது பயிற்சிக்குப் போய்வருகிறாள். என் பயம் மட்டும் போகவில்லை. தினமும் அவள் கிளம்பும்போது, "ஈரக் கையோட எதையும் தொடாதம்மா" என்கிறேன். "அத மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்கபா" என்கிறாள். பயிற்சி நல்லபடியாக முடிந்தால் இன்னொரு நூற்றெட்டுச் சுற்று என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை மொட்டையைச் சேர்க்கவில்லை. சொன்னால் செய்ய வேண்டுமே.