மூன்றாம் வகுப்பில் குடியிருந்த நாட்கள்

இன்று மகளின் பள்ளிக்கூட வாசலில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். என் ஒன்பது வயதில், மலையில் பெய்த மழையில் சிற்றாறு பெருகி, தென்காசியில் ஆற்றோரமிருந்த எங்கள் தெருவையே ஒரு காலையில் அடித்துக்கொண்டு போனபின், நாங்கள் தங்கியது இதே வாடையடித்த ஒரு மூன்றாம் வகுப்பறையில்தான். அதுவரை குற்றாலத்து லாட்ஜ் விரிப்புகளை ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்த அம்மா, அங்கே ஓட்டில் தூறல் விழும் சத்தம் கேட்டாலே பதறி எழுந்து, என்னையும் தம்பியையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

எட்டாம் நாள் ஓர் அதிகாரி காகிதத்தோடு வந்து, கடையம் பக்கம் வீடு தருவதாகச் சொல்லிக் கைநாட்டுக் கேட்டார்.

"ஏட்டி, முழுசா வாசி" என்று அம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'சொந்த விருப்பத்தின்பேரில் இடத்தைக் காலி செய்கிறோம்' என்றிருந்தது.

"வீட்ட ஆறுல்லா தூக்கிட்டுப் போயிருக்கு. நாங்க விரும்பிப் போறோம்னு எழுதியிருக்கியளே சார்? வெள்ளத்துல போச்சுன்னு எழுதுங்க, கைநாட்டு வைக்கேன்."

அவர் கோபமாகப் போய்விட்டார். சாப்பாட்டு வரிசையில் எங்கள் பெயரை விட்டுவிடுவார்களோ என்று மூன்று நாளும் முதல் ஆளாகப் போய் நின்றேன். அதற்குள் மற்ற பெண்களும் அம்மா சொன்னதையே சொல்லிவிட்டார்கள். அவர் போன நான்காம் நாள் வந்த புதுக் காகிதத்தில் வெள்ளம் என்று இருந்தது.

அம்மா கைநாட்டு வைத்தாள். அந்தச் சொல்லைக் காட்டித்தான் பின்னால் எல்லோரும் கடையம் பக்கத்து வீடுகளுக்குப் பட்டா கேட்டு வாங்கினோம். ஆறில்லாத அந்த ஊரில் அம்மாவுக்குத் துவைக்கிற வேலை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.